அனைவருக்கும் மருத்துவம்: உலகக் கூட்டணியில் முடிவெடுப்பது யார்?

#1 செம்பருத்தி

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீரகம் பழுதானவர்களும் அவர்கள் வீட்டாரும் சேர்ந்து நடத்தும் சின்னக் குழு எங்களுடையது. டயாலிசிஸ் செலவைப் பற்றிப் பேசிப் பேசியே குழுவானவர்கள் நாங்கள். 2030-க்குள் அனைவருக்கும் மருத்துவம் என்பதற்காக உள்ள யுஎச்சி 2030 என்ற உலகக் கூட்டணியின் குடிமைச் சமூகப் பிரிவில், அதாவது தொண்டு நிறுவனங்களும் மக்கள் குழுக்களும் உள்ள பிரிவில், எங்கள் பெயரும் இருக்கிறது. அதன் வழிகாட்டுக் குழு கூடப் போகிறது, அதற்கு முன் கருத்து அனுப்புங்கள் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. எழுதித் தருகிறேன் என்று நான்தான் ஒப்புக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குழுவின் மூத்தவர் ஒருவர், பத்து வருடமாக டயாலிசிஸில் இருப்பவர், ஒரு கேள்வி கேட்டார். "நாம எழுதுறது யார் கைக்கும்மா போகும்? அங்க முடிவு எடுக்கிறது யாரு?" எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

புரிந்தது இவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம், உலக வங்கி, ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான நாடுகளின் அமைப்பு) மூன்றும் சேர்ந்து இந்தக் கூட்டணிக்கு இடம் கொடுத்து நடத்துகின்றன. மேலே வழிகாட்டுக் குழு. அதில் நாடுகள், பன்னாட்டு அமைப்புகள், அறக்கட்டளைகள், குடிமைச் சமூகம், தனியார் துறை என்று ஒவ்வொரு தரப்புக்கும் இடம் உண்டு. இரண்டு இணைத் தலைவர்கள். அன்றாட வேலைக்கு ஒரு சிறிய செயலகம். ஓர் உலக உடன்பாட்டில் கையெழுத்திட்டால் எந்த நாடும் அமைப்பும் கூட்டாளியாகச் சேரலாம்.

வரைபடம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்த அறையில் யார் சொல் எடுபடுகிறது என்பதை வரைபடம் சொல்லவில்லை. இந்தத் துறையில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.

#2 பழைய பேனா

அம்மா, நல்ல கேள்வி. நான் ஒரு சுகாதார அமைச்சகத்தில் வெளிநாட்டு உதவிகளை ஒருங்கிணைக்கும் பிரிவில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் கூட்டணி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் இன்றைய அமைப்பு ஏன் இப்படி இருக்கிறது என்று பிடிபடும். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

2007 செப்டம்பரில் லண்டனில் சர்வதேச சுகாதாரக் கூட்டணி என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். ஐஎச்பி பிளஸ் என்று சுருக்கமாகச் சொல்வோம். அப்போதைய நிலைமையை நான் கண்ணால் பார்த்தவன். பண உதவி தரும் ஒவ்வொருவருக்கும் தனி விண்ணப்பம், தனி அறிக்கை, தனித் தணிக்கை, தனி ஆய்வுக் குழு. ஒரே மாவட்டத்தில் எத்தனை செவிலியர் இருக்கிறார்கள் என்ற கணக்கை நாலு வெவ்வேறு படிவத்தில் நாலு வெவ்வேறு தேதிக்கு நிரப்பி அனுப்பியிருக்கிறேன். கணக்கு எடுத்துக் கொடுத்த மாவட்ட அதிகாரிக்கு அந்த வாரம் முழுக்க வேறு வேலை நடக்கவில்லை.

2005-ல் பாரிஸ் பிரகடனம் என்று ஒன்று வந்திருந்தது. உதவி பெறும் நாடுதான் திட்டத்துக்குச் சொந்தக்காரர், உதவி செய்பவர்கள் அந்தத் திட்டத்தோடு ஒத்துப் போக வேண்டும், இரு தரப்பும் ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். அதைச் சுகாதாரத்தில் நடைமுறைக்குக் கொண்டுவரத்தான் ஐஎச்பி பிளஸ் பிறந்தது. ஒரே தேசியத் திட்டம், ஒரே வரவுசெலவு, ஒரே கண்காணிப்பு. பின்னால் அதை ஏழு நடத்தைகளாக வகுத்தார்கள். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: கேள்வி கேட்கப்பட்டது ஏழை நாட்டை நோக்கி மட்டும் இல்லை, பணம் தருபவரையும் நோக்கித்தான்.

2015-ல் ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகள் வந்தன. அதில் 3.8 என்ற எண்ணுள்ள இலக்குதான் அனைவருக்கும் மருத்துவம். 2016-ல் ஐஎச்பி பிளஸ் யுஎச்சி 2030 ஆக மாறியது. கதவு அகலமாகத் திறந்தது. பணக்கார நாடு, நடுத்தர நாடு, ஏழை நாடு எல்லாரும் உள்ளே வரலாம் என்றானது. அது நல்லதுதான். ஆனால் என் கருத்து, அந்த அகலத்தில் பழைய கூர்மை கொஞ்சம் மழுங்கிவிட்டது. உதவி தருபவரைப் பார்த்து "நீ சொன்னபடி நடந்தாயா" என்று பெயர் சொல்லிக் கேட்ட பழக்கம் இப்போது பின்னுக்குப் போய்விட்டது. எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது.

#3 கணக்குப்பிள்ளை

பேனா ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். யுஎச்சி 2030-ல் யார் முடிவெடுக்கிறார்கள் என்று கேட்பதற்கு முன்னால், அங்கே எதை முடிவெடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அங்கே நாடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பணப்பெட்டி கிடையாது.

எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2002-ல் தொடங்கியது. அதன் வாரியத்தில் வாக்குரிமை உள்ள இடங்கள் 20. பணம் தருவோர் பக்கம் 10, செயல்படுத்துவோர் பக்கம் 10. செயல்படுத்துவோர் பக்கத்தில் வளரும் நாடுகளின் பிரதிநிதிகளோடு இரண்டு தொண்டு நிறுவனத் தரப்புகளும், அந்த நோய்களோடு வாழ்பவர்களின் தரப்பும் உண்டு. வாக்கெடுப்பு என்று வந்தால் இரண்டு பக்கத்திலும் தனித்தனியாக மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நினைத்தால் எதையும் நிறைவேற்ற முடியாது. அங்கே ஒரு கையசைப்பில் கோடிக்கணக்கான டாலர் நகரும், அதனால்தான் வாக்கு விதி அவ்வளவு இறுக்கம்.

தடுப்பூசிக்கான கவி (Gavi) என்ற உலக அமைப்பு வேறு மாதிரி. அதன் வாரியத்தில் 28 இடம். அரசுகள், அமைப்புகளின் பிரதிநிதிகளோடு எந்தத் தரப்பையும் சாராத தனிநபர்கள் 9 பேர் உட்காருகிறார்கள்.

யுஎச்சி 2030 இந்த இரண்டு வகையிலும் சேராது. அங்கே பெரும்பாலும் பேசி ஒத்த கருத்துக்கு வருவதுதான் வழி. அவர்கள் முடிவு செய்வது செய்தியை, வேலைத் திட்டத்தை, எந்த அறிக்கை வர வேண்டும் என்பதை. எந்த நாட்டையும் கட்டுப்படுத்தும் அதிகாரம் அந்த மேசைக்கு இல்லை. உலக உடன்பாடும் சட்ட ஒப்பந்தம் இல்லை, உறுதிமொழிதான். யாரையும் விட்டுவிடக் கூடாது, வெளிப்படையாகக் கணக்குச் சொல்ல வேண்டும், நாட்டின் சுகாதாரத் திட்டம் ஆதாரத்தின் மேல் நிற்க வேண்டும், மக்களையும் சமூக அமைப்புகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஒருவரிடம் ஒருவர் கற்க வேண்டும். இவற்றை மீறினால் தண்டனை எதுவும் இல்லை.

#4 நடைவண்டி

அப்படியானால் எதற்கு இவ்வளவு சிரமப்பட்டுக் கருத்து எழுத வேண்டும்? கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. செயலகத்தில் வேலை செய்பவர்கள் யார் சம்பளத்தில் இருக்கிறார்கள்? உலக சுகாதார நிறுவனமோ உலக வங்கியோ ஓஇசிடியோ தான் அவர்களுக்கு மேலதிகாரி. வழிகாட்டுக் குழு ஒன்று சொல்லி, இடம் கொடுக்கும் நிறுவனத்தின் விதி வேறொன்று சொன்னால் எது நிற்கும்? விதிதான் நிற்கும். அந்த மூன்று வீடுகளும் ஒரே மாதிரி ஆளப்படுபவையும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பேரவையில் 190-க்கு மேற்பட்ட உறுப்பு நாடுகள், சின்ன நாடானாலும் பெரிய நாடானாலும் ஒரு வாக்கு. உலக வங்கியில் பங்குக்கு ஏற்ற வாக்கு. அமெரிக்காவுக்கு மட்டும் ஏறத்தாழ 16 சதவீதம். வங்கியின் அடிப்படை விதிகளைத் திருத்த 85 சதவீதம் தேவை என்பதால் ஒரே நாடு நினைத்தால் நிறுத்திவிடலாம். ஓஇசிடியில் 38 நாடுகள்தான், பெரும்பாலும் வசதியானவை. இந்த மூன்று தூண்களின் மேல் போட்ட கூரையின் கீழே ஒரு ஏழை நாட்டு நோயாளிக் குழுவின் குரல் எப்படிக் கேட்கும்?

#5 பழைய பேனா

தம்பி நடைவண்டி, இடம் கொடுக்கும் ஏற்பாட்டைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது. தனி அமைப்பாகப் பதிவு செய்தால் சட்ட அந்தஸ்து, வங்கிக் கணக்கு, தணிக்கை, ஊழியர் விதி, கொள்முதல் விதி எல்லாம் சொந்தமாக உருவாக்க வேண்டும். பத்துப் பதினைந்து பேர் செய்யும் வேலைக்கு அவ்வளவு கட்டமைப்பு சுமை. உலக நிதியமே ஆரம்பத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் நிர்வாகக் கூரையின் கீழ்தான் இருந்தது. 2008 கடைசியில்தான் தனியே பிரிந்தது.

எனக்குக் கவலை வேறு இடத்தில். இடம் கொடுப்பவரையே இந்தக் கூட்டணி விமர்சிக்க வேண்டி வந்தால்? உதாரணத்துக்கு, கடன் திட்டத்தின் நிபந்தனையால் ஒரு நாட்டில் சுகாதார ஊழியர் நியமனம் நின்றுவிட்டது என்று வையுங்கள். அதைப் பற்றி எழுதும் அறிக்கையின் முதல் வரைவு யார் மேசையில் தயாராகும்? அதை யார் திருத்துவார்கள்? இதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. ஆனால் எந்தக் கூட்டணியிலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். நாற்காலிகளின் எண்ணிக்கையைவிட முதல் வரைவு யார் கையில் என்பதுதான் பெரிது. மேசைக்கு வரும் தாளில் ஒரு சொல் இருந்தால் அதை எடுக்க வாதாட வேண்டும். இல்லாவிட்டால் சேர்க்க வாதாட வேண்டும். இரண்டாவது பல மடங்கு கடினம். முப்பது வருடம் தாள்களோடு இருந்தவன் சொல்கிறேன்.

#6 தாழம்பூ

செம்பருத்தி, நான் வேறொரு சுகாதாரக் கூட்டணியின் குழுவில் குடிமைச் சமூகத்துக்கான மாற்று உறுப்பினராக இரண்டு வருடம் இருந்தேன். பெயர் வேண்டாம். உங்கள் மூத்தவர் கேட்ட கேள்வியை அந்த அறைக்குள் உட்கார்ந்தே நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆவணங்கள் வரும். முந்நூறு பக்கம், எல்லாம் ஆங்கிலத்தில். அதைப் படித்து, சுருக்கி, எங்கள் தரப்பில் இருந்த நூற்றுக்கணக்கான அமைப்புகளுக்கு அனுப்பி, பதில் வாங்கி, ஒரே நிலைப்பாடாகத் தொகுக்க வேண்டும். முதல் தடவை அனுப்பியபோது பதில் போட்டவர்கள் ஐந்து பேர். அந்த ஐந்து பேரும் பெரிய நகரங்களில் அலுவலகம் வைத்திருப்பவர்கள். நான் அறைக்குள் போய் "குடிமைச் சமூகத்தின் கருத்து இது" என்று சொன்னபோது என் மனசாட்சிக்கு அது பொய்யாகப் பட்டது.

இரண்டாவது கூட்டத்துக்கு முறையை மாற்றினோம். ஆவணத்தை அனுப்பவில்லை, மூன்று கேள்விகள் மட்டும் அனுப்பினோம். அவரவர் மொழியில் குரல்பதிவாக அனுப்பலாம் என்றோம். நாற்பதுக்கு மேல் வந்தது. அதில் ஒரு சமூக சுகாதாரப் பணியாளர், சம்பளமே இல்லாமல் வருடக்கணக்கில் வேலை செய்பவர், தன் ஒரு நாளை அப்படியே சொல்லியிருந்தார். அதைக் கூட்டத்தில் வாசித்தேன். அதுவரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாட்டுப் பிரதிநிதி நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் கூட்டத்தின் முடிவில் ஊதியமில்லாப் பணியாளர் பற்றி ஒரு வரி சேர்ந்தது.

அதனால் நடைவண்டி கேட்டதற்கு என் பதில்: நாற்காலிக்குத் தானாக எந்தச் சக்தியும் கிடையாது. அதற்குப் பின்னால் ஆள் நிற்கிறார்களா என்பதில்தான் சக்தி. அந்த நாற்காலியில் இருப்பவர் உங்கள் கடிதத்துக்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்து எழுதுங்கள். நான் காத்திருந்தேன்.

#7 கணக்குப்பிள்ளை

தாழம்பூ அக்கா சொன்னதை ஒட்டி ஒரு தகவல். யுஎச்சி 2030-ல் குடிமைச் சமூகத்துக்கு நாற்காலி மட்டும் இல்லை, தலைமையும் கிடைத்திருக்கிறது. மெக்சிகோவின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரும் நாடாளுமன்றங்களின் சர்வதேச ஒன்றியத்தின் முன்னாள் தலைவருமான கேப்ரியேலா குவேவாஸ் பாரோனும், குடிமைச் சமூகத் தரப்பிலிருந்து வந்த ஜஸ்டின் கூனினும் சேர்ந்து இணைத் தலைவர்களாக இருந்தார்கள். ஒரு பக்கம் சட்டமன்ற அரசியல் தெரிந்தவர், இன்னொரு பக்கம் சமூக அமைப்புகளின் ஆள். இந்த மாதிரிக் கூட்டணிக்கு அது பொருத்தமான ஜோடி என்று நினைக்கிறேன். ஏனென்றால் கடைசியில் பணம் ஒதுக்கும் இடம் ஒவ்வொரு நாட்டின் நாடாளுமன்றம்தான்.

#8 மாத்திரைப்பெட்டி

மருந்துக் கடை நடத்துகிறேன், அந்த இடத்திலிருந்து பேசுகிறேன். தனியார் துறைக்கு ஒரு இடம் கொடுத்திருப்பது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. ஏராளமான நாடுகளில் ஏழை ஆள் முதலில் போய் நிற்பது அரசு மருத்துவமனை வாசலில் இல்லை, மருந்துக் கடை வாசலில். ஆனால் அந்த இடத்தில் உட்காருவது யார்? பெரிய மருந்து நிறுவனம், கருவி நிறுவனம், காப்பீட்டு நிறுவனம். அந்தப் பிரிவை ஆரம்பத்தில் கூட்டி நடத்தியதே உலகப் பொருளாதார மன்றம். என்னைப் போன்ற ஆயிரமாயிரம் சின்னக் கடைக்காரர்களின், ஒற்றை அறை கிளினிக் வைத்திருக்கும் மருத்துவச்சிகளின் குரல் அந்த மேசைக்கு எப்படிப் போகும்?

#9 நடைவண்டி

மாத்திரைப்பெட்டி அண்ணா, உங்கள் ஆதங்கம் நியாயம். ஆனால் என் பயம் வேறு. விலை நிர்ணயத்தில் லாபம் பார்ப்பவர், அந்த விலையைப் பற்றிய கொள்கை பேசும் மேசையில் இருக்கலாமா?

உலக சுகாதார நிறுவனம் இதற்காகவே 2016-ல் தனியார் நிறுவனங்கள் உட்பட அரசு சாராத தரப்புகளோடு எப்படி உறவு வைப்பது என்று ஒரு சட்டகத்தை ஏற்றுக்கொண்டது. புகையிலை, ஆயுதம் இரண்டு தொழில்களோடும் உறவே கிடையாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. மற்றவர்களுக்கு முரண்பட்ட நலன் உண்டா என்று பார்த்துத்தான் அனுமதி. கூட்டணி மேசையிலும் அதே அளவு கண்டிப்பு வேண்டும் என்கிறேன். ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும், இன்றைய பொருளில் எனக்கு இன்ன லாபம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தேவைப்பட்டால் எழுந்து வெளியே போக வேண்டும். அது கூட்டக் குறிப்பிலும் பதிவாக வேண்டும்.

#10 மாத்திரைப்பெட்டி

அதில் எனக்கு மறுப்பே இல்லை தம்பி. அறக்கட்டளைகளுக்கும், பணம் தரும் நாடுகளுக்கும் அதே விதி வையுங்கள். தொண்டு நிறுவனங்களுக்கும்தான். அவர்களில் பலர் யார் பணத்தில் நடக்கிறார்கள் என்று கேட்டால், அதே மேசையில் எதிரே உட்கார்ந்திருப்பவரைக் காட்ட வேண்டி வரும்.

#11 தாழம்பூ

உண்மை. எனக்கு விமானச் சீட்டு வாங்கிக் கொடுத்ததே எதிரே உட்கார்ந்திருந்த தரப்புதான். அவர்கள் ஒருநாளும் என்னிடம் எதையும் பேசாதே என்று சொன்னதில்லை. ஆனாலும் ஒரு கூட்டத்தில் பேச வேண்டிய ஒன்றை நான் பேசாமல் விட்டேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

#12 கணக்குப்பிள்ளை

இந்த இழையில் இதுவரை வராத ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: அளவுகோல்.

யுஎச்சி 2030-ன் பெரிய வேலைகளில் ஒன்று கணக்குக் கேட்பது. 2020 முதல் நாடுகளின் உறுதிமொழி எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு மதிப்பாய்வு வெளியிட்டு வருகிறார்கள். ஆனால் எண்கள் பிறக்கும் இடம் வேறு. உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் சேர்ந்து வெளியிடும் கண்காணிப்பு அறிக்கையில்தான் அவை வருகின்றன. 2023 அறிக்கையின்படி, 2021-ல் உலகில் ஏறத்தாழ 450 கோடிப் பேருக்கு அத்தியாவசிய மருத்துவச் சேவை முழுமையாகக் கிடைக்கவில்லை. மருத்துவச் செலவால் பண நெருக்கடிக்கு ஆளானவர்கள் 2019-ல் சுமார் 200 கோடி.

இந்தப் பண நெருக்கடியை எப்படி அளப்பது? 3.8.2 என்ற குறியீட்டில், வீட்டின் மொத்தச் செலவில் மருத்துவத்துக்குக் கைக்காசு 10 சதவீதத்துக்கு மேலேயா, 25 சதவீதத்துக்கு மேலேயா என்று பார்த்தார்கள். இதில் ஒரு கோளாறு. வசதியான வீடு 12 சதவீதம் செலவு செய்தால் கணக்கில் ஏறும். சோற்றுக்கே திண்டாடும் வீடு 6 சதவீதம் செலவு செய்து பட்டினி கிடந்தால் ஏறாது. 2025-ல் அதைத் திருத்தினார்கள். இப்போது அடிப்படைத் தேவைகளுக்குப் போக மிஞ்சும் பணத்தில் 40 சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குப் போனால் நெருக்கடி என்று கணக்கு. நல்ல திருத்தம். ஆனால் அதை முடிவு செய்தது வழிகாட்டுக் குழு இல்லை. ஐ.நா. புள்ளியியல் ஆணையத்தின் கீழ் வரும் வல்லுநர் குழுக்களின் வழியாக நடந்த வேலை அது. ஆளுகை என்று நாம் பேசும்போது, மேசையைச் சுற்றிய நாற்காலிகளை மட்டும் எண்ணிவிட்டு இந்த அறையை மறந்துவிடுகிறோம்.

#13 செம்பருத்தி

கணக்குப்பிள்ளை, உங்கள் பதிவை மூன்று தடவை படித்தேன். ஒன்று கேட்க வேண்டும்.

எங்கள் குழுவில் ஒரு அக்கா இருந்தார். வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ் போக வேண்டும். சிகிச்சைக்குக் காசு வாங்காத இடம்தான். ஆனால் போக வர வண்டிச் செலவு, கூட வருபவரின் ஒரு நாள் கூலி, ஊசி மருந்து. முதலில் மூன்றை இரண்டாகக் குறைத்தார். பிறகு ஒன்று. மகள் படிப்பு நின்றுவிடக் கூடாது என்று ஒருநாள் போவதையே நிறுத்திவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏதாவது செய்திருப்போம். பதினோரு நாளில் போய்விட்டார்.

அந்த அக்கா மருத்துவத்தை நிறுத்திய மாதத்தில் கணக்கெடுப்பவர் வந்து கேட்டிருந்தால், மருத்துவச் செலவு எவ்வளவு என்ற கட்டத்தில் என்ன எழுதியிருப்பார்?

#14 கணக்குப்பிள்ளை

பூஜ்யம்.

பழைய அளவுகோலிலும் அந்த வீடு நெருக்கடியில் இல்லை, புதியதிலும் இல்லை. செலவு செய்தவர்களைத்தான் அந்தக் குறியீடு பார்க்கிறது. பணமில்லாமல் சிகிச்சையைக் கைவிட்டவரைப் பார்ப்பதில்லை. 3.8.1 என்று சேவை எவ்வளவு பேருக்குக் கிடைக்கிறது என்பதற்கு வேறு குறியீடு உண்டு, ஆனால் அது பல சேவைகளைச் சேர்த்து நாடு முழுமைக்கும் எடுக்கும் சராசரி. உங்கள் அக்கா அதற்குள்ளும் கரைந்துவிடுவார். கைவிட்ட சிகிச்சையைப் பற்றிச் சில கணக்கெடுப்புகளில் நேரடியாகவே கேட்கிறார்கள். இலக்கின் அதிகாரபூர்வக் குறியீட்டில்தான் அது இல்லை.

உங்கள் இழப்புக்கு என் வருத்தம்.

#15 பழைய பேனா

அம்மா, உங்கள் கடிதம் இதுதான். வேறெதையும் எழுத வேண்டாம்.

குறியீட்டை அந்த வழிகாட்டுக் குழு மாற்ற முடியாது, கணக்குப்பிள்ளை சொன்னது சரி. ஆனால் மதிப்பாய்வு அவர்களுடையது. அதில் நாடுவாரியாக என்ன கேட்கலாம் என்பதை அவர்கள் தீர்மானிக்க முடியும். பணமில்லாமல் சிகிச்சையை நிறுத்தியவர்களைப் பற்றி ஒவ்வொரு நாட்டிலும் என்ன தகவல் இருக்கிறது, இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று ஒரு பகுதி சேருங்கள் எனக் கேளுங்கள். அவர்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதைக் கேட்டால்தான், எங்களால் முடியாது என்று தள்ளிவிட முடியாது. மனு எழுதுவதில் பாதி வேலை யாரால் எதைச் செய்ய முடியும் என்று தெரிந்துகொள்வதுதான்.

#16 நடைவண்டி

நான் தொடக்கத்தில் எதற்கு எழுத வேண்டும் என்று கேட்டவன். அதைத் திரும்பப் பெறுகிறேன், அக்கா.

ஒரு யோசனை. காலத்தையும் பார்த்து எழுதுங்கள். 2019 செப்டம்பரில் அனைவருக்கும் மருத்துவம் பற்றி ஐ.நா. உயர்நிலைக் கூட்டம் நடந்தது, 2023-ல் மறுபடியும். அடுத்தது 2027. அந்தக் கூட்டத்தில் வரும் பிரகடனத்தின் சொற்களைத் தீர்மானிப்பது யுஎச்சி 2030 இல்லை. நியூயார்க்கில் உறுப்பு நாடுகளின் தூதர்கள். 2019-ல் ஜார்ஜியாவும் தாய்லாந்தும், 2023-ல் கயானாவும் தாய்லாந்தும் பேச்சுவார்த்தையை நடத்தின. அங்கே நமக்கு நாற்காலி கிடையாது. ஆனால் பேச்சுவார்த்தை தொடங்கும் முன் கூட்டணி தன் கோரிக்கைகளைத் தொகுத்து வெளியிடும். 2019-லும் செய்தது, 2023-லும் செய்தது. பேனா ஐயா சொன்ன முதல் வரைவு அதுதான். அதில் உங்கள் வரி ஏறினால் தூதர்கள் கைக்குப் போகும்.

ஏறிய பிறகும் தேய்ந்து போகலாம் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதாரத்துக்கு உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் கூடுதலாக 1 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2019 பிரகடனத்தில் அது எப்படி வந்தது என்று படித்துப் பாருங்கள். தேவைப்பட்டால், பொருத்தமான இடத்தில், நாட்டுச் சூழலுக்கு ஏற்ப, பரிந்துரையைக் கவனத்தில் கொண்டு என்று நாலு பக்கமும் வேலி கட்டியிருக்கிறார்கள். அதனால் உங்கள் வரியை வேலி கட்ட முடியாதபடி குட்டையாக எழுதுங்கள்.

#17 தாழம்பூ

இன்னொன்றும் கேளுங்கள் செம்பருத்தி: கூட்டம் முடிந்த பிறகு பதில். நாங்கள் கருத்து அனுப்பிய அமைப்புகளுக்கு, உங்கள் கருத்து இன்ன இடத்தில் பேசப்பட்டது, இன்னார் எதிர்த்தார், இந்த அளவுக்கு ஏற்கப்பட்டது என்று திரும்பச் சொல்ல எனக்கே ஆறு மாதம் ஆனது. அதற்குள் பாதிப் பேர் நம்பிக்கை இழந்துவிட்டார்கள். கூட்டம் முடிந்து ஒரு மாதத்துக்குள், மூன்று பத்தியில், புரியும் மொழியில் பதில். பிரதிநிதியிடம் இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆவணங்களையும் குறைந்தது மூன்று வாரம் முன்னால் கொடுக்கச் சொல்லுங்கள்.

#18 செம்பருத்தி

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு எழுதினேன். இன்று காலை டயாலிசிஸ் முடிந்து களைப்பாக இருந்த எங்கள் மூத்தவரிடம் வாசித்துக் காட்டினேன். இதுதான்:

"நாங்கள் சிறுநீரக நோயாளிகளும் அவர்கள் குடும்பங்களும். எங்களில் ஒருவர் வண்டிச் செலவுக்குப் பணமில்லாமல் டயாலிசிஸை நிறுத்தி, 11 நாளில் இறந்தார். அவர் வீட்டின் மருத்துவச் செலவு அந்த மாதம் பூஜ்யம். உங்கள் அடுத்த மதிப்பாய்வில், பணமில்லாமல் சிகிச்சையை நிறுத்தியவர்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு நாட்டையும் கேளுங்கள். எண் இல்லாத நாட்டுக்கு எதிரே எண் இல்லை என்று எழுதுங்கள். 2027 கூட்டத்துக்கான கோரிக்கைத் தொகுப்பிலும் இதைச் சேருங்கள். கூட்டம் முடிந்து ஒரு மாதத்துக்குள், இதை யார் ஆதரித்தார், யார் மறுத்தார் என்று எங்களுக்குச் சொல்லுங்கள்."

#19 பழைய பேனா

நன்றாக இருக்கிறது அம்மா. ஒரே ஒரு திருத்தம். "எத்தனை பேர்" என்பதோடு "எந்தச் செலவுக்காக" என்றும் சேருங்கள். சிகிச்சை இலவசம், ஆகவே பிரச்சினை இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. வண்டிச் செலவும் கூலி இழப்பும் வெளியே வரட்டும்.

#20 செம்பருத்தி

சேர்த்துவிட்டேன் ஐயா. மூத்தவர் கேட்டுவிட்டு, அந்த அக்காவின் மகளிடம் அனுமதி வாங்கினாயா என்றார். வாங்கவில்லை. மதியம் போய்ப் பார்த்தேன். அம்மா பெயர் வேண்டாம், மற்றதெல்லாம் எழுதுங்கள் என்றாள். சாயங்காலம் அனுப்பிவிட்டேன். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.